ஆரம்ப சுகாதார நிலையத்தில் மாத்திரை எப்படி வருகிறது, ஏன் தீர்ந்துபோகிறது?

'அரசு ஆஸ்பத்திரியில் மருந்து இல்லையாம்' என்று ஒரு செய்தி வந்தால் கூடவே காரணங்களும் வந்துவிடும். அரசு பணம் ஒதுக்கவில்லை என்பார் ஒருவர். நடுவில் யாரோ தின்றுவிட்டார்கள் என்பார் இன்னொருவர். கொஞ்சம் பேப்பர் படிக்கிறவர் மூன்றாவதாக ஒன்று சொல்வார்: "எல்லாவற்றையும் சென்னையில் உட்கார்ந்து வாங்கினால் இப்படித்தான். அந்தந்த ஆஸ்பத்திரியிடம் பணத்தைக் கொடுத்து, நீயே வாங்கிக்கொள் என்று விட்டுவிட வேண்டும். அதுதானே அதிகாரப் பரவல்?"

முதல் இரண்டும் சில சமயம் உண்மைதான். மூன்றாவது, கேட்பதற்கு நியாயமாக இருந்தாலும், பாதிதான் சரி. அந்தப் பாதியையும் மீதியையும் பிரித்துப் பார்க்கத்தான் இந்தக் கட்டுரை. உதாரணத்துக்குத் தமிழ்நாட்டையே எடுத்துக்கொள்வோம். இந்தியாவின் மற்ற மாநிலங்கள் வந்து பார்த்துப் பின்பற்றிய ஏற்பாடு இங்கேதான் இருக்கிறது, ஆனால் நம்மில் பலருக்கு அதன் பெயர்கூடத் தெரியாது.

அத்தியாவசியம் என்று எதைச் சொல்கிறார்கள்?

சந்தையில் ஆயிரக்கணக்கான பிராண்டுகள் உண்டு. அவற்றில் பெரும்பாலானவை ஒரே மருந்துக்கு வெவ்வேறு கம்பெனிகள் வைத்த பெயர்கள். பிராண்டு பெயரை உரித்துவிட்டு, உள்ளே இருக்கும் மருந்தின் பெயரால் அழைத்தால் அது ஜெனரிக் பெயர். பாராசிட்டமால், மெட்ஃபார்மின், அம்லோடிபின் எல்லாம் அப்படிப்பட்டவை.

இப்படி உரித்துப் பார்த்து, மக்களுக்கு அதிகம் வரும் நோய்கள் எவை, எந்த மருந்து நிரூபணமாக வேலை செய்கிறது, செலவுக்கேற்ற பலன் தருகிறதா என்று சலித்து எடுத்த பட்டியல்தான் அத்தியாவசிய மருந்துப் பட்டியல். உலக சுகாதார நிறுவனம் 1977-ல் முதல் மாதிரிப் பட்டியலை வெளியிட்டது. அதில் இருந்தவை ஏறத்தாழ 200 மருந்துகள். இந்தியா தன் தேசியப் பட்டியலை 1996-ல் தயாரித்துப் பலமுறை திருத்தியிருக்கிறது. 2022-ல் வந்த பட்டியலில் 384 மருந்துகள் உள்ளன.

'அத்தியாவசியம்' என்றதும் காய்ச்சல் மாத்திரையும் டிங்சரும்தான் பலருக்கு நினைவுக்கு வருகின்றன. புற்றுநோய் மருந்துகளும் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. ஆனால் ஒவ்வொரு மருந்துக்கும் எதிரில், அது ஆரம்ப நிலை மருத்துவமனைக்கா, அடுத்த நிலைக்கா, மருத்துவக் கல்லூரி போன்ற உயர்நிலைக்கா என்று குறித்திருப்பார்கள். பாம்புக்கடிக்கான எதிர்விஷம் கீழ்நிலையிலேயே இருக்க வேண்டும், கடிபட்டவரை மாவட்டத் தலைநகர்வரை கொண்டுபோக நேரமிருக்காது. கீமோதெரபி மருந்தை ஆரம்ப சுகாதார நிலையத்தில் வைத்தால் அதைக் கொடுக்க ஆளும் வசதியும் இருக்காது. பட்டியலிலேயே அதிகாரப் பரவலின் முதல் படி இருக்கிறது, எது எங்கே இருக்க வேண்டும் என்ற கணக்கு.

பட்டியல் சின்னதாக இருப்பது சிக்கனத்துக்காக மட்டும் என்று நினைத்துவிடக் கூடாது. எண்ணிக்கை குறைந்தால்தான் ஒவ்வொன்றையும் பெரிய அளவில் வாங்க முடியும், கிடங்கில் கண்காணிக்க முடியும், மருத்துவருக்கும் மருந்தாளுநருக்கும் ஒவ்வொன்றின் டோஸும் பக்கவிளைவும் கைப்பாடமாக இருக்கும்.

ஒரு தெருவும் அரிசி மூட்டையும்

அதிகாரப் பரவல் என்றால், முடிவெடுக்கும் உரிமையும் பணமும் தலைமையகத்திலிருந்து கீழ்நிலைக்கு இறங்குவது. எந்த முடிவு இறங்க வேண்டும் என்பதில்தான் சிக்கல். இதைப் புரிந்துகொள்ள ஒரு தெருவைக் கற்பனை செய்யுங்கள்.

அந்தத் தெருவில் 20 வீடுகள். ஒவ்வொரு வீடும் தனித்தனியாகக் கடைக்குப் போய் 5 கிலோ, 10 கிலோ என்று அரிசி வாங்கினால் கடைக்காரர் சொன்னதுதான் விலை. 20 வீடும் சேர்ந்து, விவரம் தெரிந்த ஒருவரை ரைஸ் மில்லுக்கே அனுப்பினால் விலை இறங்கும். அரிசியைக் கொட்டிப் பார்த்து வாங்கவும் அவருக்குத் தெரியும். இது சேர்ந்து வாங்குவதன் லாபம்.

சரி, மில்லுக்குப் போன அதே ஆள், 'வீட்டுக்கு ஒரு மூட்டை' என்று எல்லார் வாசலிலும் இறக்கிவிட்டுப் போனால்? வயதான தம்பதி மட்டும் இருக்கும் வீட்டில் வண்டு பிடிக்கும். எட்டுப் பேர் சாப்பிடும் வீட்டில் மூன்றாவது வாரமே தட்டுப்பாடு. சாதமே சாப்பிடாத சர்க்கரை நோயாளி வீட்டுக்கும் ஒரு மூட்டை! எவ்வளவு வேண்டும் என்பதை அந்தந்த வீடுதான் சொல்ல வேண்டும்.

ஆக, பேரம் பேசுவதும் தரம் பார்ப்பதும் ஓரிடத்தில் குவிய வேண்டும். என்ன வேண்டும், எவ்வளவு வேண்டும் என்பது வீட்டுக்கு வீடு பரவ வேண்டும். 'அந்தந்த ஆஸ்பத்திரியே வாங்கட்டும்' என்பவர் இரண்டையும் கீழே தள்ளுகிறார். 'சென்னையே பார்த்துக்கொள்ளும்' என்பவர் இரண்டையும் மேலே இழுக்கிறார்.

1994-ல் தமிழ்நாடு செய்தது

இந்திய அரசியலமைப்பின்படி பொதுச் சுகாதாரமும் மருத்துவமனைகளும் மாநிலப் பட்டியலில் வருபவை. எனவே மருந்து வாங்குவது பெரும்பாலும் மாநிலத்தின் வேலை. மாநிலத்துக்குள்ளேயே மருத்துவமனைகள் ஒரே கையில் இல்லை. கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையம் ஓர் இயக்குநரகத்தின் கீழ், தாலுகா மற்றும் மாவட்ட ஜி.எச். இன்னொன்றின் கீழ், மருத்துவக் கல்லூரி மருத்துவமனை மூன்றாவதன் கீழ். நகர்ப்புறங்களில் மாநகராட்சி, நகராட்சிகளுக்கும் பங்குண்டு.

1990-களின் தொடக்கத்தில் மருந்துக் கொள்முதலில் முறைகேடுகள் வெளிவந்து பெரிய விவகாரமானது. அதன் பிறகு 1994 ஜூலையில் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் ஒரு அரசு நிறுவனமாகப் பதிவானது. 1995 ஜனவரியில் விநியோகத்தைத் தொடங்கியது. சுகாதாரத் துறையினர் அதை டி.என்.எம்.எஸ்.சி. என்றுதான் சொல்வார்கள். அதன் வேலை வைத்தியம் பார்ப்பது இல்லை. மருந்தை வாங்கி, சோதித்து, மாவட்டக் கிடங்குகளில் சேமித்து, மருத்துவமனைகளுக்குக் கொடுப்பது மட்டும்தான். மேலே சொன்ன தெருவில் மில்லுக்குப் போன ஆள் இவர்தான்.

வாங்குவது இரண்டு உறை முறையில். டெண்டர் போடும் கம்பெனி இரண்டு தனி உறைகள் கொடுக்க வேண்டும். முதல் உறையில் தகுதி: உரிமம், நல்ல உற்பத்தி முறைச் சான்று, அந்த மருந்தைச் சந்தையில் விற்ற அனுபவம், விற்றுமுதல். இரண்டாவது உறையில் விலை. முதல் உறையில் தேறாதவரின் இரண்டாவது உறையைத் திறக்கவே மாட்டார்கள். 'அரசு எப்போதும் மலிவானதைத்தான் வாங்கும்' என்ற பேச்சுக்கு இதுதான் பதில். தேறியவர்களுக்குள்தான் மலிவு பார்க்கிறார்கள்.

முடிவான விலைக்கு விலை ஒப்பந்தம் என்று பெயர். குறிப்பிட்ட காலம்வரை அந்த மருந்தை அந்த விலைக்கு, கேட்கும்போதெல்லாம் தர வேண்டும் என்ற உடன்பாடு. அதனால் ஒரு வருட மருந்தையும் ஒரே நாளில் வாங்கிக் குவிக்க வேண்டியதில்லை.

பாஸ்புக் என்னும் நல்ல யோசனை

இந்த ஏற்பாட்டில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். சேர்ந்து வாங்குவது எல்லாருக்கும் தோன்றக்கூடிய யோசனை. அதோடு இதையும் சேர்த்ததுதான் சாமர்த்தியம்.

ஒவ்வொரு மருத்துவமனைக்கும், சின்ன ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும்கூட, ஒரு பாஸ்புக் உண்டு. அதில் அந்த ஆண்டுக்கு உரிய தொகை எழுதப்பட்டிருக்கும். ரொக்கமாகக் கைக்கு எதுவும் வராது. மருத்துவ அலுவலரும் மருந்தாளுநரும் தங்களுக்கு என்ன வேண்டும் என்று பார்த்துத் தேவைப் பட்டியல் எழுதுவார்கள். இதை இன்டென்ட் என்பார்கள். மாவட்டக் கிடங்கிலிருந்து மருந்தை எடுத்ததும் அதன் விலை பாஸ்புக்கில் கழிந்துவிடும். மீதி எவ்வளவு என்று இருவருக்கும் தெரியும்.

இதனால் கடலோரக் கிராமமும் மலைக்கிராமமும் ஒரே மருந்து மூட்டையை வாங்க வேண்டியதில்லை. பாம்பு அதிகமுள்ள வட்டாரத்துக்காரர் எதிர்விஷம் கூடுதலாக எடுக்கலாம். முதியவர்கள் அதிகமுள்ள ஊரில் சுகர் மாத்திரைக்கும் பி.பி. மாத்திரைக்கும் அதிகம் ஒதுக்கலாம். தேவையில்லாமல் அள்ளி அலமாரியில் அடுக்கினால் தன் பாஸ்புக்கில்தான் குறையும் என்பதால் கை தானாகவே அடங்கும்.

இதற்கு நேர்மாறான முறையும் இங்கேயே இருந்தது. தாய் சேய் நலத் திட்டங்களில் துணை சுகாதார நிலையங்களுக்கு மேலிருந்து 'கிட்' என்று ஒரே மாதிரிப் பெட்டிகள் வரும். உள்ளே இரும்புச்சத்து மாத்திரை, ஓ.ஆர்.எஸ். பொட்டலம், வைட்டமின் ஏ மாதிரியானவை. கேட்டாலும் கேட்காவிட்டாலும் வரும். இதைத் தள்ளும் முறை என்றும், பாஸ்புக் மாதிரியானதை இழுக்கும் முறை என்றும் சொல்வார்கள். தள்ளும் முறை முழுக்க மோசம் என்று சொல்ல மாட்டேன். கணக்கெழுத ஆளில்லாத இடத்திலும் வெள்ளம், கொள்ளைநோய் நேரத்திலும் அதுதான் கைகொடுக்கும்.

மருந்துக்கான ஒதுக்கீட்டில் ஏறத்தாழ 90 விழுக்காடு இந்தக் கழகத்தின் வழியே போகும். மீதி 10 விழுக்காட்டை அவசரத்துக்கும் பட்டியலில் இல்லாத மருந்துக்கும் மருத்துவமனையே வெளியில் வாங்கச் செலவிடலாம். இதற்கு லோக்கல் பர்ச்சேஸ் என்று பெயர். அளவு சின்னதுதான். அதன் மதிப்பைப் பின்னால் பார்ப்போம்.

இலவச மருந்து தரமில்லாததா?

கம்பெனியிலிருந்து சரக்கு வந்ததும் கிடங்கில் தனியாகப் பூட்டி வைப்பார்கள். அதிலிருந்து மாதிரி எடுத்துத் தலைமையகத்துக்கு அனுப்புவார்கள். அங்கே கம்பெனியின் பெயரை மறைத்து, ஒரு குறியீட்டு எண்ணை மட்டும் இட்டு, பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்புவார்கள். யாருடைய மருந்தைச் சோதிக்கிறோம் என்று சோதிப்பவருக்குத் தெரியாது. தேறிய பிறகுதான் பூட்டு திறக்கும். தேறாவிட்டால் கம்பெனி அதைத் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும், தொடர்ந்து தவறினால் கறுப்புப் பட்டியலில் சேரும். தெருமுனை மெடிக்கல் ஷாப்பில் நாம் வாங்கும் ஸ்ட்ரிப்புக்கு, கடைக்கு வருமுன் இப்படி வாங்குபவர் தரப்பிலிருந்து இன்னொரு சோதனை கிடையாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

முன்பெல்லாம் மாத்திரைகளைப் பேப்பரில் மடித்துக் கொடுப்பார்கள். இப்போது ஸ்ட்ரிப்பிலேயே வருகின்றன, தமிழ்நாடு அரசின் முத்திரையும் 'விற்பனைக்கு அல்ல' என்ற வாசகமும் அச்சிட்டு. மருந்து கள்ளத்தனமாகக் கடைக்குப் போனால் காட்டிக்கொடுக்கும் ஏற்பாடு அது.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: எந்த மருந்து என்பதைப் பட்டியல் தீர்மானிக்கிறது. விலையையும் தரத்தையும் கழகம் பார்க்கிறது. எவ்வளவு என்பதை, பாஸ்புக் வழியாக, மருத்துவமனை முடிவு செய்கிறது. அவசரத்துக்கு 10 விழுக்காடு கையில் இருக்கிறது.

அப்புறம் ஏன் 'நோ ஸ்டாக்'?

இவ்வளவு இருந்தும் மருந்து தீரத்தான் செய்கிறது. திருட்டோ பணமின்மையோ இல்லாமலும் தீரும். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். எண்கள் என் கற்பனை, நடப்பது உண்மை.

ஒரு சுகாதார நிலையத்தில் 100 சர்க்கரை நோயாளிகள். தலைக்கு ஒரு நாளைக்கு 2 மெட்ஃபார்மின். மாதத்துக்கு 6,000, வருடத்துக்கு 72,000 மாத்திரை வேண்டும். ஏதோ காரணத்தால் மூன்று மாதம் சரக்கு வரவில்லை. ஆண்டு முடிவில் பதிவேட்டைப் பார்த்தால் செலவானது 54,000 என்று இருக்கும். 'போன வருடம் 54,000 தானே செலவாயிற்று' என்று அதையே அடுத்த வருடத் தேவையாக எழுதினால், மருந்து ஒன்பதாம் மாதமே தீர்ந்துவிடும். இல்லாத மருந்து செலவுக் கணக்கில் வராது என்பதால், ஒரு முறை வந்த தட்டுப்பாடு அடுத்த தட்டுப்பாட்டைத் தானே விதைத்துவிடுகிறது. மருந்து இருந்த ஒன்பது மாதத்துக்கான சராசரியை எடுத்துப் பன்னிரண்டால் பெருக்கியிருந்தால் 72,000 சரியாக வந்திருக்கும். இது பெரிய கணிதம் ஒன்றும் இல்லை. ஆனால் நூற்றுக்கணக்கான மருந்துகளுக்கு, ஆயிரக்கணக்கான நிலையங்களில், நோயாளிகளின் வரிசைக்கு நடுவே இதை யாராவது செய்தாக வேண்டும். மருந்தாளுநர் பணியிடம் காலியாக இருந்தால் அங்கே செவிலியர்தான் மருந்தும் கொடுப்பார், கணக்கும் எழுதுவார்.

இதோடு இன்னொன்றும் நடக்கும். மூன்று மாதம் 'இல்லை' கேட்டவர்களில் சிலர் மெடிக்கல் ஷாப்புக்கு மாறிவிடுவார்கள். சிலர் மாத்திரையையே விட்டுவிடுவார்கள். இரண்டாவது வகையினர் சில வருடம் கழித்துச் சிறுநீரகப் பிரச்சினையோடு ஜி.எச்.சுக்கு வருவார்கள். அது எந்த மருந்துக் கணக்கிலும் ஏறாது.

சர்க்கரை மாத்திரையாவது கணிக்கக்கூடியது, நோயாளிகள் மாதாமாதம் வருகிறவர்கள். 2021 ஆகஸ்ட் 5-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே மாத்திரை கொண்டுபோகிறார்கள் என்பதால், யார் யாருக்கு எவ்வளவு என்ற பெயர்ப்பட்டியலே கையில் இருக்கிறது. தேவையை அதிலிருந்து நேராகவே எடுக்கலாம்.

எதிர்விஷம் அப்படி இல்லை. நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் விஷத்துக்கும் ஒரே மருந்துதான் இந்தியாவில் கொடுக்கப்படுகிறது. (அதைத் தயாரிக்கத் தேவையான விஷத்தை எடுத்துக் கொடுப்பதில், சென்னைக்கு அருகே வடநெம்மேலியில் உள்ள இருளர் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் முக்கியமானது. 1978-ல் தொடங்கியது.) ஒரே நோயாளிக்கு முதல் கட்டத்திலேயே 8, 10 குப்பிகள் போகலாம். ஓர் ஊரில் ஆறு மாதம் யாருக்கும் கடிபடாமல் இருக்கும், அப்புறம் ஒரே வாரத்தில் மூன்று பேர் வருவார்கள். குறைவாக வைத்தால் உயிர் போகும். அதிகமாக வைத்தால் காலாவதியாகும். இந்த மாதிரி மருந்துக்கு ஒவ்வொரு நிலையமும் தனித்தனியே கணக்குப் போட்டுப் பயனில்லை. எல்லா இடத்திலும் குறைந்தபட்ச இருப்பு, மாவட்டக் கிடங்கில் பொது இருப்பு, பக்கத்து நிலையத்திலிருந்து உடனே மாற்றிக்கொள்ளும் வழி, மூன்றும் வேண்டும். தனியாக நின்றால் சமாளிக்க முடியாத ஏற்ற இறக்கத்தை மாவட்டமாகச் சேர்ந்து நின்றால் சமாளிக்கலாம்.

தட்டுப்பாடு கம்பெனி வாசலிலேயே தொடங்குவதும் உண்டு. விலையை மிகவும் அழுத்தினால் கம்பெனி டெண்டருக்கே வராது, அல்லது வென்றுவிட்டுத் தாமதிக்கும். ஒரே கம்பெனியை நம்பியிருந்தால் அது படுத்தால் மாநிலமே படுக்கும். அதனால்தான் மிகக் குறைந்த விலைக்கு மற்றவர்களும் ஒப்புக்கொண்டால் ஆர்டரைப் பகிர்ந்து கொடுப்பது நல்லது என்கிறார்கள்.

10 விழுக்காட்டின் மதிப்பு

எல்லா மருந்தும் மாநிலம் வாங்குவதில்லை. தடுப்பூசிகளும் காசநோய், எச்.ஐ.வி. மருந்துகளும் தேசியத் திட்டங்களின் கீழ் ஒன்றிய அரசின் வழியே வருபவை. 2024 தொடக்கத்தில் காசநோய் மருந்துக் கொள்முதல் தாமதமாகிப் பல மாநிலங்களில் தட்டுப்பாடு வந்தது. மார்ச் மாதத்தில் ஒன்றிய அரசு மாநிலங்களுக்குக் கடிதம் எழுதி, தற்காலிகமாக நீங்களே வாங்கிக்கொள்ளுங்கள் என்றது.

சொல்வது சுலபம். பல வருடங்களாக வாங்கிப் பழகாத மருந்துக்கு இரண்டு வாரத்தில் விலை ஒப்பந்தம் எங்கிருந்து வரும்? காசநோய் மருந்தை நடுவில் நிறுத்தினால் கிருமி மருந்துக்கு மசியாததாக மாறக்கூடும் என்பதால் காத்திருக்கவும் முடியாது. எவ்வளவு குவித்தாலும் கீழே கொஞ்சம் வாங்கும் பழக்கமும் பணமும் இருக்க வேண்டும் என்பது இதனால்தான். ஆனால் அந்தப் பங்கு 10-லிருந்து 40, 50 என்று ஏறினால், தெருவில் ஒவ்வொரு வீடும் தனியாகக் கடைக்குப் போகும் பழைய கதைக்குத் திரும்பிவிடுவோம்.

வேறு நாடுகளில்

பிலிப்பைன்ஸ் 1991-ல் சட்டம் இயற்றி மருத்துவமனைகளையும் சுகாதார நிலையங்களையும் மாகாணங்களுக்கும் நகராட்சிகளுக்கும் ஒப்படைத்தது. மருந்து வாங்குவதும் அவற்றின் தலையில் விழுந்தது. சின்ன நகராட்சிக்குப் பேரம் பேசும் பலம் ஏது? 2019-ல் வந்த அனைவருக்குமான சுகாதாரச் சட்டத்தில், சிதறியவற்றை மாகாண அளவிலாவது மறுபடி ஒன்றுசேர்க்கப் பார்க்கிறார்கள்.

கென்யாவில் 2013 முதல் சுகாதாரம் கவுண்டிகள் எனப்படும் 47 உள்ளாட்சிப் பகுதிகளின் கையில். மருந்து வாங்கித் தர கெம்சா என்ற தேசிய நிறுவனமும் இருக்கிறது. அமைப்பைக் காகிதத்தில் பார்த்தால் நம்முடையதைப் போலத்தான் தெரியும். ஒரு வித்தியாசம்: அங்கே கவுண்டிகள் மருந்தை வாங்கிவிட்டுப் பின்னால் பணம் கட்ட வேண்டும். தலைநகர் நைரோபியிலிருந்து கவுண்டிக்குப் பணம் வரத் தாமதமானால் கெம்சாவுக்குப் பாக்கி ஏறும், பாக்கி ஏறினால் மருந்து வருவது தடுமாறும். தமிழ்நாட்டில் பணம் முன்கூட்டியே கழகத்துக்கு ஒதுக்கப்பட்டு, மருத்துவமனைக்குப் பாஸ்புக்கில் உரிமையாக மட்டும் போகிறது. இந்தச் சின்ன வேறுபாடு எவ்வளவு பெரியது பாருங்கள்.

இலங்கையில் 1987-ன் 13-ஆம் திருத்தத்துக்குப் பிறகு பல மருத்துவமனைகள் மாகாண சபைகளின் கீழ் வந்தன. மருந்து மட்டும் கொழும்பிலிருந்தே வருகிறது. பேராசிரியர் சேனக பிபிலேயின் முயற்சியால் 1971-ல் உருவான அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் வாங்க, மருத்துவ வழங்கல் பிரிவு மாவட்டங்களுக்கு அனுப்பும். சேர்ந்து வாங்குவதில் அவர்கள் நமக்கும் முன்னோடி. 2022-ல் டாலர் தீர்ந்தபோது, யாழ்ப்பாணம் முதல் மாத்தறைவரை மருத்துவமனைகள் மருந்துக்குத் தவித்தன. இறக்குமதியை நம்பியிருக்கும் நாட்டில் அந்நியச் செலாவணி நின்றால் எந்தக் கிடங்கு முறையும், எந்தப் பாஸ்புக்கும் மருந்தைத் தயாரித்துக் கொடுத்துவிடாது.

எந்தக் கடை எது?

கடைசியாக, பேச்சில் அடிக்கடி குழம்பும் ஒன்று. மக்கள் மருந்தகம், முதல்வர் மருந்தகம், ஆரம்ப சுகாதார நிலையத்து மருந்து ஜன்னல் மூன்றையும் ஒன்றாகப் போட்டுப் பேசுகிறார்கள். 2008-ல் தொடங்கிய ஒன்றிய அரசின் மக்கள் மருந்தகத் திட்டமும், 2025 பிப்ரவரியில் 1,000 கடைகளோடு தமிழ்நாடு அரசு திறந்த முதல்வர் மருந்தகமும் கடைகள். அங்கே ஜெனரிக் மருந்து குறைந்த விலைக்குக் கிடைக்கும், காசு கொடுக்க வேண்டும். அரசு மருத்துவமனை ஜன்னலில் கிடைப்பது இலவசம். இந்தக் கட்டுரை முழுக்கப் பேசியது அதைப் பற்றித்தான். எனவே ஜன்னலில் 'இல்லை' என்றால், பக்கத்தில் முதல்வர் மருந்தகம் இருக்கிறதே என்பது பதில் ஆகாது. மருந்தாளுநரிடம் கேட்க வேண்டியது வேறு: கிடங்கிலேயே இல்லையா, கிடங்கில் இருந்தும் நம் நிலையம் இன்டென்ட் போடவில்லையா, பாஸ்புக் தொகை முடிந்துவிட்டதா, லோக்கல் பர்ச்சேஸில் வாங்க முடியாதா? பதிலைப் பொறுத்துத்தான் அடுத்து மருத்துவ அலுவலரிடம் பேசுவதா, மாவட்ட சுகாதார அலுவலருக்கு எழுதுவதா என்று தெரியும்.